"ஆனால்" என்னும் ஒரு சொல்

குற்றத்தை ஒப்புக்கொண்டவனிடம் அதற்கு மேலும் எதை எதிர்பார்ப்பது என்று கேட்பவர் உண்டு. ஒப்புக்கொள்வதே அரிதாகிவிட்ட உலகில், "பிழை என்னுடையது" என்று ஒருவன் வாய்திறந்து சொல்லிவிட்டால் அவனைக் கைகுவித்து வணங்கவே தோன்றுகிறது. அப்படிச் சொல்பவன் ஒரு நாட்டின் மன்னனாக இருந்துவிட்டாலோ நம் வியப்புக்கு அளவில்லை. ஆயினும் ஒரே வாக்கியத்திற்குள் குற்றத்தை ஏற்கவும், ஏற்ற குற்றத்தை அடுத்தவர் தலையில் இறக்கி வைக்கவும் மனித மொழியால் இயலும். அதற்கு வேண்டியது ஒரு சிறு சொல். தமிழில் அது "ஆனால்". சீன மொழியில் அதற்கு ஓர் எழுத்தே போதும். அந்த ஓர் எழுத்தை முன்னிட்டு, ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சீனப் பேரரசர் ஒருவரின் ஆட்சியையும் முடிவையும் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பெய்ஜிங் அரண்மனைக்கு வடக்கே ஜிங்ஷான் என்றொரு குன்று இருக்கிறது. இயற்கையாய் அமைந்த குன்றன்று. அரண்மனை அகழியைத் தோண்டியபோது வாரிய மண்ணைக் குவித்து எழுப்பியது. 1644-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், கலகப் படை தலைநகருக்குள் புகுந்துவிட்ட வேளையில், மிங் மரபின் பேரரசர் சோங்ஜென் அக்குன்றின் மரமொன்றில் தூக்கிட்டு உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 33. உடனிருந்தவர் வாங் செங்கென் என்னும் அண்ணகர் ஒருவர் மட்டுமே; அவரும் அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பேரரசர் தம் மேலங்கியில் சில வரிகள் எழுதி வைத்திருந்ததாக மிங் மரபின் வரலாற்று நூல் கூறுகிறது. அப்படி ஓர் எழுத்து உண்மையில் இருந்ததா என ஐயுறும் ஆய்வாளரும் உளர். ஆனால் அவர் ஆட்சி முழுவதும் பேசிய பேச்சோடு அது பொருந்தி வருகிறது என்பதால் அதை நாம் எடுத்துக்கொள்கிறோம். தாம் நற்பண்பில் குறைந்தவர் என்றும், அதனால் வானகத்தின் சினத்தை வருவித்துக்கொண்டவர் என்றும் அது தொடங்குகிறது. அடுத்து வருவதே அந்த ஓர் எழுத்து. ஆனால், அமைச்சர் அனைவரும் தம்மைத் தவறான வழியில் செலுத்திவிட்டனர் என்கிறது. பின்னர், முன்னோர் முகத்தில் விழிக்க நாணி முடியைக் களைந்து தலைமயிரால் முகத்தை மூடிக்கொள்வதாகவும், கலகக்காரர் தம் உடலை எப்படிச் சிதைத்தாலும் சிதைக்கட்டும், மக்களுள் ஒருவருக்கேனும் தீங்கிழைக்க வேண்டாம் என்றும் சொல்லி முடிகிறது.

இவ்வளவையும் எழுதியவர் கொடுங்கோலர் அல்லர். சிற்றின்பத்தில் மூழ்கிக் கிடந்தவரும் அல்லர். அதனால்தான் அவரைப் பற்றி எண்ணுவது நமக்கு எளிதாக இல்லை.

ஜூ யோஜியான் என்பது அவரது இயற்பெயர். 1611-இல் பிறந்தார். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். தாயின் முகம் நினைவில் நில்லாமையால், அவரை அறிந்தவர்கள் சொல்லக் கேட்டு ஓர் ஓவியம் வரையச் செய்து வைத்துக்கொண்டார் என்பர். 1627-இல் அண்ணன் வாரிசின்றி இறக்க, 16 வயதில் அரியணை ஏறினார். அப்போது நாட்டை உண்மையில் ஆண்டுகொண்டிருந்தவர் வெய் சோங்சியான் என்னும் அண்ணகர். நேர்மையான அதிகாரிகள் பலரைச் சிறையில் வதைத்துக் கொன்றவர் அவர். அரண்மனையில் துணைக்கு ஆளில்லாத அந்த இளைஞர் சில மாதங்கள் பொறுத்திருந்து, பதவி பறித்து, அவரை நாடுகடத்த ஆணையிட்டார். வழியிலேயே வெய் தூக்கிட்டுக்கொண்டார். நாடு நிமிர்ந்து பார்த்தது. இதோ, நமக்கு ஓர் அரசர் கிடைத்துவிட்டார் என்று கற்றோர் மகிழ்ந்தனர்.

கடுமையாக உழைத்தார். விடியுமுன் எழுந்து, நள்ளிரவு தாண்டியும் விண்ணப்பங்களைப் படித்தார். ஆடையிலும் உணவிலும் சிக்கனம் காத்தார். தகுதியுள்ளோரை அவர் அடையாளம் காணாமலும் இல்லை. மத்தேயு ரிச்சி அடிகளின் நண்பரும், பவுல் என்னும் பெயரோடு திருமுழுக்குப் பெற்றவருமான சூ குவாங்சியை 1632-இல் பேரவைச் செயலராக உயர்த்தியவர் இவரே. நாள்காட்டியைத் திருத்தும் பெரும்பணியை அவரிடமும் இயேசு சபைத் துறவியரிடமும் ஒப்படைத்தவரும் இவரே. 1601-இல் ரிச்சி அரண்மனைக்கு அளித்திருந்த விசைக்கருவி ஒன்று மூலையில் கிடந்ததை நினைவுகூர்ந்து, அதைச் சீர்செய்யும்படி ஆதாம் ஷால் அடிகளை 1640 அளவில் பணித்தார். ஷால் அதைச் சீர்செய்து கொடுத்தபோது இயேசுவின் வாழ்வைச் சித்திரிக்கும் படத்தொகுப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்பினார். நாடு எரிந்துகொண்டிருந்த நாள்களில் அந்தப் படங்களை அவர் எவ்வாறு பார்த்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதில் நமக்கு ஓர் ஆர்வம் உண்டு. அதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அதே ஷால் அடிகளை அவர் பீரங்கி வார்க்கப் பணிக்க வேண்டியதாயிற்று.

நாடு எரிந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் பெரியது வானம். பதினேழாம் நூற்றாண்டின் அப்பகுதியில் உலகின் பல நாடுகளில் குளிர் மிகுந்து, மழை பொய்த்தது. வடமேற்கிலுள்ள ஷான்சி மாநிலத்தில் 1628 தொடங்கிக் கொடும் பஞ்சம். மக்கள் மரப்பட்டையைத் தின்றனர். அது தீர்ந்தபின் ஒருவகை மண்ணைத் தின்று வயிறு இறுகிச் செத்தனர். அதற்கும் மேலே நடந்ததை எழுத நமக்கு மனம் வரவில்லை. வடகிழக்கில் மஞ்சூரியர் படையெடுத்தனர். அவர்களைத் தடுக்கப் படைக்குப் பணம் வேண்டியிருந்தது. அதற்காக நிலவரியின்மேல் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. வரி கட்ட இயலாதவன் நிலத்தை விட்டு ஓடினான். ஓடியவன் கலகக் கூட்டத்தில் சேர்ந்தான். கலகத்தை அடக்க 1637-இல் மற்றொரு கூடுதல் வரி. புதுப் படையைப் பயிற்றுவிக்க 1639-இல் இன்னொன்று. கலகத்தை அணைக்க ஊற்றியது எண்ணெயாகவே இருந்தது.

சிக்கனத்தின் பெயரால் 1629-இல் அரசு அஞ்சல் நிலையங்களை வெட்டிக் குறைத்தது. குதிரை ஓட்டிப் பிழைத்தவர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். ஷான்சியைச் சேர்ந்த லி சிசெங் அவர்களுள் ஒருவர் என்பர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பெய்ஜிங்கின் வாயிலில் படையோடு நின்றவர் அவரே. ஏட்டில் ஒரு செலவைக் குறைத்தவர்கள் எதைக் கூட்டினார்கள் என்பது அன்று எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

மழை பொய்த்ததற்கு மன்னன் பொறுப்பா? சீன மரபு ஆம் என்றே விடை கூறியது. ஆளும் உரிமை வானகம் தந்தது. வெள்ளமும் வறட்சியும் வானகத்தின் கண்டனம். எனவே நாடு துன்புறும்போது மன்னர் தம்மையே குற்றம் சாட்டி மக்கள்முன் ஆணை வெளியிடும் வழக்கம் அங்குத் தொன்றுதொட்டு இருந்தது. வறட்சிக்கு ஒருவனைக் குற்றவாளியாக்குவது நம் அறிவுக்கு ஒவ்வாது. ஆயினும் அவ்வழக்கத்தில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கக் காண்கிறோம். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. வறட்சியை உண்டாக்கியவன் மன்னன் அல்லன். ஆனால் வறட்சியில் வாடும் மக்கள் அவனுடைய மக்கள். நோயைத் தந்தவள் தாய் அல்லள் என்றாலும் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியவள் அவளே அன்றோ?

அத்தகைய ஆணைகளுள் பெரிதும் போற்றப்படுவது தாங் மரபின் தெசோங் வெளியிட்டது. 783-இல் தலைநகர் வழியே போருக்குச் சென்ற படைவீரர்க்குத் தரமற்ற உணவு கொடுக்கப்பட்டதாம். குளிரில் நனைந்து வந்தவர்கள் சீறியெழுந்தனர். அரசர் நகரைவிட்டு ஓடினார். ஜூ சி என்பவர் அங்கே தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தெசோங் வெளியிட்ட ஆணையில் குற்றம் முழுவதையும் தாமே ஏற்றார். எழுதிக் கொடுத்தவர் லூ ஜி என்னும் அறிஞர். எதிர்த்தெழுந்த ஆளுநர்களுக்கு மன்னிப்பு, அண்மையில் விதித்த வரிகளின் நீக்கம் ஆகியவையும் அதிலேயே இருந்தன. அதைக் கேட்டுப் படைவீரர் கண்ணீர் சிந்தினர் என்றும், ஆளுநர் சிலர் தாமாகச் சூடிய மன்னர் பட்டத்தைத் துறந்து பணிந்தனர் என்றும் வரலாறு கூறுகிறது. அவ்வாண்டே தலைநகர் மீண்டது. அந்த ஆணையில் "ஆனால்" இல்லை. மன்னிப்பும் வரிநீக்கமும் மன்னரின் கைப்பொருளைக் குறைப்பவை. அவர் சொன்ன சொல்லுக்கு அவரே விலை கொடுத்தார்.

இதோடு நிறுத்தினால் நமக்கு வசதிதான். ஆனால் அதே தெசோங் பிற்காலத்தில் செல்வம் சேர்ப்பதிலேயே நாட்டம் கொண்டார். படையின் பொறுப்பை அண்ணகரிடம் விட்டார். குற்ற அறிக்கையை எழுதிக் கொடுத்த அதே லூ ஜியை 795-இல் தொலைதூரத்திற்குத் துரத்தினார். கண்ணீரை வரவழைத்த சொற்கள் அவருடைய நாவில் தங்கியிருந்த காலம் சொற்பம். ஆகவே நன்றாகச் சொல்லப்பட்ட குற்ற அறிக்கை நல்ல மனமாற்றத்திற்குச் சான்று ஆகிவிடாது. குருமடத்தில் நமக்குக் கற்பித்தவர்கள் வருந்துதல், அறிக்கையிடுதல், ஈடுசெய்தல் என்று மூன்றாகப் பிரித்தனர். இளமையில் அது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பட்டியலாக இருந்தது. ஆண்டுகள் பல சென்றபின், இம்மூன்றில் முதலிரண்டும் மனிதருக்கு எவ்வளவு எளிதில் வருகின்றன என்பதை எண்ணித் திகைக்கிறோம்.

சோங்ஜென்னிடம் வருவோம். தம்மைக் குற்றம் சாட்டும் ஆணையை அவர் ஒருமுறையல்ல, பலமுறை வெளியிட்டார். ஆறு என்று கணக்கிடுவோர் உண்டு. 1635-இல் கலகக்காரர் ஃபெங்யாங் நகரைத் தாக்கி, மிங் மரபின் முன்னோர் கல்லறை வளாகத்தைத் தீயிட்டனர். பேரரசர் துக்க உடை அணிந்தார்; முன்னோர் கோவிலில் அழுதார்; பின்னர் தம்மையே குற்றம் சாட்டி ஆணை வெளியிட்டு, அரண்மனையின் முதன்மைக் கூடத்தை விட்டு அகன்று, உணவைக் குறைத்து, இசையை நிறுத்தினார். அப்பகுதிக்குப் பொறுப்பாளராக இருந்த ஆளுநர் யாங் யிபெங்குக்கு மரண தண்டனை. அரசர் உணவைக் குறைத்துக்கொண்டார். ஆளுநர் தலையைக் கொடுத்தார். 1637-இல் வறட்சி முற்றியபோது மீண்டும் ஓர் ஆணை. அதைப் படிப்போர்க்கு வியப்பு காத்திருக்கிறது. தம்மைக் குற்றம் சாட்டுவதற்கென்றே எழுதிய ஆணையில், பதவியை வணிகமாக்கிவிட்ட அதிகாரிகளையும், ஏழையைச் சுரண்டும் செல்வரையும் அவர் ஒருவர் விடாமல் சாடுகிறார். சாடியது பொய்யென்று எவரும் சொல்ல முடியாது. எனினும் அது குற்ற அறிக்கையா, குற்றப்பத்திரிகையா என்று கேட்கத் தோன்றுகிறது.

அவருடைய ஆட்சிக்காலம் 17 ஆண்டுகள். அதற்குள் பேரவைச் செயலர் பதவியில் அமர்ந்தவர் ஐம்பதின்மர். மரண தண்டனை பெற்ற பெருநில ஆளுநர் எழுவர். மாநில ஆளுநர் பதினொருவர். அனைவரினும் நினைவில் நிற்பவர் யுவான் சோங்ஹுவான். மஞ்சூரியரை எல்லையில் தடுத்து நிறுத்திய படைத்தலைவர் அவர். 1629-இல் அவர்கள் வேறு வழியாகச் சுற்றி வந்து பெய்ஜிங்கை நெருங்கியபோது, விரைந்து வந்து தலைநகரைக் காத்தார். காத்தவர்மேல் ஐயம் விழுந்தது. பகைவரோடு உடன்பாடு கொண்டு அவர்களை அழைத்து வந்தவரே இவர்தாம் என்ற பேச்சு பரவிற்று. அதில் பகைவரின் சூழ்ச்சியும் கலந்திருந்தது. 1630-இல் அவரைச் சிறிது சிறிதாக அரிந்து கொன்றனர். நகர மக்கள் அவரது சதைத் துணுக்கைக் காசு கொடுத்து வாங்கியதாக எழுதி வைத்திருக்கின்றனர். எவரைக் காக்க அவர் வந்தாரோ அந்த மக்கள்!

நல்ல உழைப்பாளியும் நல்லெண்ணம் உடையவருமான ஒருவர் இந்நிலைக்கு எப்படி வந்தார்? நமக்குத் தோன்றும் விடை இது: அந்த உழைப்பே அவர் கண்ணை மறைத்தது. தூங்காமல் உழைக்கிறேன், உண்ணாமல் சேமிக்கிறேன், எனக்கென ஏதும் தேடவில்லை, இருந்தும் நாடு சரிகிறது. அப்படியென்றால் பிழை எங்கே? தம்மிடம் தேடி, தம் உழைப்பையே அங்கே கண்டவர், பிழை மற்றவரிடமே இருக்க வேண்டும் என்ற முடிவுக்குத்தான் வர இயலும். சோம்பேறி மன்னனுக்குத் தன் குற்றம் ஓரளவேனும் தெரியும். ஓயாது உழைப்பவனுக்குத் தன் நேர்மையே திரையாகிவிடுகிறது. திருப்பணியில் இருப்போர் இவ்விடத்தில் சற்று நின்று போவது நல்லது.

1642-இல் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருபுறம் கலகம், மறுபுறம் மஞ்சூரியர். இரு முனையிலும் போரிட இயலாதென்று அறிந்த பேரரசர், மஞ்சூரியரோடு மறைவாக அமைதி பேசும்படி போர் அமைச்சர் சென் சின்ஜியாவைப் பணித்தார். மறைவாக என்பதற்குக் காரணம் உண்டு. பகைவரோடு பேசுவதே இழிவு என்று கற்றோர் கருதிய காலம் அது. வெளியே தெரிந்தால் அரசரின் பெயர் கெடும். தூதுவர் சென்று வந்து அனுப்பிய அறிக்கை அமைச்சரின் மேசையில் கிடந்தது. வேலையாள் ஒருவன் அதை வழக்கமான செய்தி என்று எண்ணி, அரசிதழில் படியெடுக்கக் கொடுத்துவிட்டான். மறுநாள் தலைநகரே கொதித்தது. அமைச்சரைத் தண்டிக்கக் கோரி விண்ணப்பங்கள் குவிந்தன.

"நாம்தாம் சொன்னோம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பேரரசர் சொல்லவில்லை. அமைச்சரிடம் விளக்கம் கேட்டார். அமைச்சரோ மன்னிப்புக் கேட்பதற்கு மாறாகத் தம் பணிகளை எடுத்துரைத்து, அரசரின் ஆணைகளையும் சுட்டிக் காட்டினார். அதுவே அவர் முடிவாயிற்று. அவ்வாண்டே கொல்லப்பட்டார். அமைதிப் பேச்சு தண்டனைக்குக் காரணமாகக் காட்டப்படவில்லை; நகரங்கள் வீழ்ந்ததும், அரச குடும்பத்து இளவரசர் பலர் கலகக்காரரால் மாண்டதும் காரணமாயின. பேச்சுவார்த்தையும் அவரோடு மடிந்தது.

இதைப் படித்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், படகை இழந்திருந்த மூன்று குடும்பங்களிடம் அவ்வாண்டுத் திருவிழா வரி கேட்க வேண்டாம் என்று உபதேசியாரிடம் தனியே சொன்னோம். எழுத்தில் ஏதுமில்லை. கணக்கு வாசித்த கூட்டத்தில், யாரைக் கேட்டு அவர்களை விட்டீர் என்று சிலர் அவர்மேல் பாய்ந்தனர். அவர் நம்மைப் பார்த்தார். நாம் கணக்கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "நானாகத்தான் விட்டேன், சாமி, மன்னிக்கணும்" என்றார் அவர், நம்மை நோக்கியே. மறு ஆண்டு அவர் அப்பணியில் இல்லை. அந்த மூன்று குடும்பங்களுக்கு நன்மை செய்ததாகவே அதற்குப் பின்னும் சில காலம் நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். மன்னருக்கும் நமக்கும் ஒப்புமை கூறுவது நகைப்புக்குரியதே. ஆயினும் அந்த மௌனம் எப்படி வருகிறது என்பதை அறிய அரண்மனையில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

சென் சின்ஜியாவின் தலை விழுந்தபோது அவையிலிருந்த ஒவ்வொருவரும் ஒரு பாடம் கற்றனர். அதன் பயன் 1644-இல் தெரிந்தது. அதற்குள் லி சிசெங் லுவோயாங்கைப் பிடித்துப் பேரரசரின் சிற்றப்பாவைக் கொன்றிருந்தார்; சியான் நகரில் அமர்ந்து புதிய மரபொன்றையும் அறிவித்துவிட்டார். அதற்கு முந்திய ஆண்டு பெய்ஜிங்கில் கொள்ளைநோய் புகுந்து மக்களை வாரிக்கொண்டு போயிருந்தது. தெற்கே நான்ஜிங்குக்குச் சென்றுவிட்டால் நாட்டின் பாதியையேனும் காக்கலாம் என்று அதிகாரி ஒருவர் தனிமையில் கூறினார். பேரரசரின் உள்ளமும் அதையே விரும்பிற்று. ஆனால் தலைநகரை விட்டு ஓடினார் என்ற பழி தம்மேல் விழலாகாது. அமைச்சர்கள் கூடி வற்புறுத்த, தாம் வேண்டா வெறுப்பாக இசைந்ததாக இருக்க வேண்டும். அமைச்சர்களோ வாய் திறக்கவில்லை. இன்று வற்புறுத்துபவன் நாளை எதற்குப் பலியாவான் என்பதை அவர்கள் கண்டிருந்தனர். எல்லையிலுள்ள வூ சாங்குவெய்யின் படையைத் தலைநகர்க்கு அழைப்பதா என்ற கேள்வியிலும் அதே கதை. எல்லையைக் கைவிட்ட பழியை ஏற்க ஒருவரும் முன்வராமல் வாரங்கள் கழிந்தன. அழைப்பு சென்றபோது காலம் கடந்திருந்தது. அரசர் பழியை அமைச்சரிடம் தள்ளினார். அமைச்சர் அரசரிடம் தள்ளினர். நடுவே நாடு கிடந்தது.

இங்கே வாசகர் ஒருவர் நம்மை இடைமறிக்கலாம். அமைச்சர்கள் அவரைக் கெடுத்தது உண்மைதானே என்று. உண்மைதான். படைக்கு ஊதியம் கொடுக்கப் பணமின்றி, பேரரசர் பெருஞ்செல்வரிடம் கையேந்தியபோது அவர்கள் வறுமை பேசினர். அவருடைய மாமனாரே சிறு தொகையைக் கொடுத்து நழுவினார். நகரம் வீழ்ந்தபின் கலகக்காரர் சித்திரவதை செய்து கேட்டபோது, இல்லையென்றவர் வீடுகளிலிருந்து வெள்ளி கட்டி கட்டியாக வெளிவந்தது. லி சிசெங்கின் அறிக்கையொன்றுகூட, அரசர் அவ்வளவு அறிவிலி அல்லர், சுற்றியிருந்தோரின் தன்னலத்தால் மறைக்கப்பட்டவர் என்ற கருத்தில் பேசுகிறது. பகைவனே தரும் நற்சான்று! ஆனால் உண்மையான குற்றச்சாட்டு ஒன்று பொய்யான குற்ற அறிக்கையாகவும் இருக்கக் கூடும் என்பதே நாம் சொல்ல வருவது. அமைச்சர் குற்றவாளிகள் என்பது நீதிமன்றத்தில் நிற்கும். அவர்களைத் தேர்ந்தவர் யார், நேர்மையானவரை வாய்மூடச் செய்தவர் யார் என்ற கேள்விக்கு அது விடையாகாது. அறிக்கையிடுபவன் தன் பங்கைச் சொல்ல வந்தவன். உடன் செய்தவர்களின் பங்கை அளந்து காட்ட வேறொருவர் இருக்கிறார்.

இறுதி இரவு. புறநகர் வீழ்ந்த செய்தி வந்தது. பேரரசர் தம் மூன்று புதல்வரை எளிய உடையில் மறைவாக வெளியேற்றினார். அரசியை உயிர்விடப் பணித்தார். அவர் அவ்வாறே செய்தார். பின்னர் வாளை எடுத்துக்கொண்டு மகளிடம் சென்றார். இளவரசி சாங்பிங்குக்கு வயது பதினைந்து அளவே இருக்கும். திருமணம் உறுதியாகி, கலகத்தால் தள்ளிப்போயிருந்தது. ஏன் என் குடும்பத்தில் வந்து பிறந்தாய் என்று அழுதுகொண்டே வெட்டினார் என்பர். அவள் தடுக்க நீட்டிய கை துண்டாயிற்று. மற்றொரு சிறு மகளை வெட்டிக் கொன்றார். பகைவர் கையில் அவர்கள் சிக்கலாகாது என்பது அவர் எண்ணம். அக்காலத்தின் மானம் அப்படி என்று விளக்குவோர் உளர். அந்த விளக்கத்தை நாம் புரிந்துகொள்கிறோம். ஏற்றுக்கொள்ள நம்மால் இயலவில்லை. தம் மானத்தின் விலையை அங்கேயும் அவர் இன்னொருவர் உடலிலேயே எடுத்தார்.

விடியற்காலையில் அமைச்சரை அவைக்கு அழைக்கும் மணியை ஒலிக்கச் செய்தார். ஒருவரும் வரவில்லை. அதன்பின்னரே குன்றின்மேல் ஏறினார்.

இவ்வளவும் எழுதிய பிறகு, அந்த மேலங்கியின் வரிகளுக்குத் திரும்புகிறோம். அவரைப் பிலாத்துவின் வரிசையில் நிறுத்திவிட நமக்கு மனமில்லை. "ஆனால்" என்ற எழுத்தோடு அது முடிந்திருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்போம். அதற்கு அப்பால் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. என் உடலை வெட்டிக்கொள்ளுங்கள், மக்களைத் தொடாதீர்கள் என்கிறார். பதினேழு ஆண்டுகளில், பிறர் தலையை ஈடாக வைக்காமல் தம்மையே ஈடாக வைத்து அவர் பேசிய பேச்சு அதுவாகவே இருக்கக்கூடும். பாவி ஒருவன் நீண்ட நேரம் தன் மனைவியையும் அண்டை வீட்டாரையும் குறை கூறிக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போகும் வேளையில் தாழ்ந்த குரலில் ஒரு வரி சொல்வதுண்டு. குருவானவர் காத்திருந்தது அந்த வரிக்குத்தான். அது வந்துவிட்டால் முன்னே சொன்னவற்றை அவர் மறந்துவிடக் கடமைப்பட்டவர். ஆயினும் கையிழந்த அந்தச் சிறுமியை நாம் எப்படி மறப்பது? மன்னிப்பது நம் கையில் இல்லை. மறந்துவிடும் உரிமையும் நமக்கு இல்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். லி சிசெங்கால் ஆறு வாரங்களுக்குமேல் பெய்ஜிங்கில் நிலைக்க முடியவில்லை. வூ சாங்குவெய் மஞ்சூரியரோடு சேர்ந்து அவரை முறியடிக்க, ஜூன் மாதத் தொடக்கத்தில் சிங் மரபினர் நகருக்குள் புகுந்தனர். அவர்கள் மாண்ட பேரரசருக்கு உரிய மரியாதையோடு நீத்தார் கடன் செய்தனர். இளவரசி 1645-இல் துறவு பூண அனுமதி வேண்டினாள். புதிய அரசு மறுத்து, முன்னர் உறுதிசெய்யப்பட்ட மணமகனுக்கே அவளை மணமுடித்தது. அடுத்த ஆண்டே அவள் இறந்தாள். யார்மீதும் அவள் குற்றம் சாட்டியதாக நாம் படித்ததில்லை.

ஜிங்ஷான் குன்றின் கிழக்குச் சரிவில் அந்த மரத்தைக் காட்டுகின்றனர். பேரரசர் ஒருவரின் உயிரைப் போக்கிய குற்றத்திற்காக அம்மரத்திற்குச் சிங் அரசு சங்கிலி பூட்டியதாகச் சொல்வர். மக்கள் அதற்கு இட்ட பெயர் "குற்றவாளி மரம்". பழைய மரம் கலாசாரப் புரட்சிக் காலத்தில் அழிந்தது. அந்த இடம் வெறுமையாக இருக்கலாகாது என்று பின்னர் வேறொரு மரத்தைக் கொண்டுவந்து நட்டிருக்கின்றனர்.